எலி காருக்கு வருவதில்லை, போர்ச்சுக்கு வருகிறது: பினாங்கு வீடுகளுக்கான முழு வழிகாட்டி

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. ஆயர் ஈத்தாமில் எங்கள் தெரஸ் வீட்டுப் போர்ச்சில் நின்ற மைவி காரை ஐந்து வாரம் நான் தொடவே இல்லை. அம்மாவுக்கு மருந்து வாங்கப் போகலாம் என்று ஒரு காலையில் சாவியைத் திருப்பினேன். காய்ச்சல்காரன் உடம்பு மாதிரி எஞ்சின் நடுங்கியது. மஞ்சள் விளக்கு எரிந்தது. ஏர்கான் போட்டதும் மூத்திர நெடி. பானெட்டைத் திறந்தால் பேட்டரிக்குப் பக்கத்தில் கோழி எலும்பு, இறால் தலை, துண்டு துண்டாகக் கிழித்த செய்தித்தாள். இன்ஜெக்டருக்குப் போகும் ஒயர் ஒன்று அறுந்து கிடந்தது. பக்கத்தில் இன்னும் இரண்டில் உள்ளே இருக்கும் செம்பு தெரிந்தது.

இழுத்துக்கொண்டு போய் ஜெலுத்தோங்கில் சரி பார்த்ததில் 750 வெள்ளி செலவு. வந்த கையோடு எலி விரட்டும் ஸ்பிரே இரண்டு வாங்கி எஞ்சின் முழுக்க அடித்தேன். பதினாறாம் நாள் மறுபடியும் அதே இடத்தில் கடி. இரண்டாம் முறை போனபோது பட்டறை அண்ணன் ஸ்பிரே அடித்த கதையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, எலி உங்க காருக்கு வரல. உங்க போர்ச்சுக்கு வருது. கார் அங்க நிக்குது, அவ்வளவுதான். மொதல்ல வீட்டப் பாருங்க."

அதற்குப் பிறகு வண்டியில் ஒரு கடி கூட விழவில்லை. நான் செய்ததெல்லாம் வரிசையை மாற்றியதுதான். வெளியே லோங்காங்கில் (சாக்கடைக் கால்வாயில்) தொடங்கி, போர்ச், சுவர், கூரை என்று உள்ளே வந்து, கடைசியில்தான் பானெட். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகிறது. நடுவில் தாண்டிப் படிக்க வேண்டாம்.

ஏன் ஒயரைக் கடிக்கிறது?

எலியின் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். கடித்துத் தேய்க்காவிட்டால் வாயை மூட முடியாமல் போய்விடும். அந்தப் பல்லின் முன்பக்கம் ஆரஞ்சு நிறமாக இருப்பதற்குக் காரணம், எனாமலில் கலந்திருக்கும் இரும்புச் சத்து. அலுமினியத் தகட்டையே சுரண்டும் பல்லுக்கு ஒயரின் மேலுறை எம்மாத்திரம்?

புதிய கார்களின் ஒயர் உறையில் சோயா கலந்திருக்கிறது, அதனால்தான் எலி தின்கிறது என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தாவரத்திலிருந்து எடுத்த பொருள்கள் சில உறைகளில் உண்டு, உண்மைதான். ஆனால் அதற்கு எத்தனையோ காலம் முன்பே, வெறும் பிவிசி உறை இருந்த நாளிலும் எலி ஒயரைக் கடித்தது. கடித்த இடத்தைப் பாருங்கள், உறைத் துணுக்குகள் பெரும்பாலும் கீழேயே சிதறிக் கிடக்கும். பசிக்குத் தின்றிருந்தால் அவை மிஞ்சாது. பல்லைத் தேய்க்கவும், கூட்டுக்கு வழி விடவும் கடிக்கிறது.

இன்னொன்று. எஞ்சின் சூட்டைத் தேடித்தான் எலி வருகிறது என்பது குளிர்நாட்டு அறிவுரை. ராத்திரியும் வியர்க்கும் பினாங்கில் எலிக்கு வேண்டியது சூடு அல்ல, மழை படாத இருட்டு. லோங்காங்கில் தண்ணீர் ஏறும்போது அது மேலே வந்தாக வேண்டும். 2017 நவம்பர் 4ஆம் தேதி தொடங்கிய பெருமழையில் தீவே தத்தளித்தபோது எங்கள் தெருவில் எலிகள் படிக்கட்டில் ஏறி நின்றதைக் கண்ணால் பார்த்தேன். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை மழை அதிகமான மாதங்கள். அப்போதுதான் வண்டியை இரட்டிப்புக் கவனமாகப் பார்க்க வேண்டும். எலி வளையானாலும் தனி வளை என்று நாம் சொல்வோமே, எலிக்கு உங்கள் பானெட் அப்படி ஒரு தனி வளை. காய்ந்த இடம், நாய் நுழைய முடியாது, நாலு பக்கமும் ஒளிய இடுக்கு.

முதல் வேலை: வந்திருப்பது யார்?

இரவில் போர்ச் விளக்கை அணைத்துவிட்டு, சுவரோரமாக முகப்பவுடரை மெல்லத் தூவி வையுங்கள். மாவு வேண்டாம், அது தீனியாகிவிடும். காலையில் கால் தடமும், வால் இழுத்த கோடும், வந்த திசையும் தெரியும். எலி நடுவில் ஓடாது, மீசை சுவரில் உரசும்படி ஓரமாகவே போகும். ஒரே பாதையில் போய்ப் போய்ச் சுவரில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு படியும். அந்தக் கறையை விட நல்ல சாட்சி இல்லை.

புழுக்கையையும் பாருங்கள். இரண்டு சென்டிமீட்டர் அளவில், முனை மழுங்கியிருந்தால், நாம் பெருச்சாளி என்று சொல்லும் பெரிய சாக்கடை எலி. அது தரையோடும் லோங்காங்கோடும் வாழும். ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று கூடுதலாக, முனை கூராக இருந்தால் கூரை எலி. இது ஒல்லி, வால் உடம்பைவிட நீளம், மரமும் பைப்பும் ஏறும். அரிசி அளவில் இருந்தால் சுண்டெலி. எங்கள் வீட்டில் இருந்தது கூரை எலி. நான் வாரக்கணக்கில் லோங்காங்கை மட்டும் அடைத்துக்கொண்டிருந்தேன், அது மாமரத்தில் இறங்கி வந்துகொண்டிருந்தது.

பகலில் கடி விழுந்தால் அணிலையும் சந்தேகப்படுங்கள். தோட்டத்து அணிலும் ஒயர் கடிக்கும். மூஞ்சூறை மட்டும் விட்டுவிடுங்கள். நீண்ட மூக்கும் கெட்ட வாடையும் கிறீச்சென்ற சத்தமும் உண்டு, ஆனால் அது கொறிக்கும் பிராணி அல்ல. கரப்பானும் பூச்சியும் தின்று உதவிதான் செய்கிறது.

சுத்தம் செய்வதற்கு முன் ஒரு எச்சரிக்கை

எலி மூத்திரத்தால் பரவும் காய்ச்சலை இங்கே கெஞ்சிங் தீக்குஸ் என்றால்தான் எல்லாருக்கும் புரியும். லெப்டோஸ்பைரோசிஸ் என்பது மருத்துவப் பெயர். காயம், வெடிப்பு, கண், வாய் வழியாகக் கிருமி நுழையும். மலேசியாவில் 2010இலிருந்து இது மருத்துவர்கள் சுகாதார அமைச்சுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய். ஆகவே காய்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், வேக்குவமும் வேண்டாம், தூசி மூச்சில் போகும். ரப்பர் கையுறை, முகக்கவரி, மூடிய செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து இடத்தை நனைத்து, ஐந்து நிமிடம் விட்டு, பழந்துணியால் எடுத்து இரட்டைப் பையில் கட்டிப் போடுங்கள்.

இது தரைக்கும் லோங்காங்குக்கும் மட்டும். எஞ்சினில் பிளீச் படக்கூடாது, உலோகத்தை அரிக்கும். அங்கே பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, கிருமிநாசினி நனைத்த துணியால் துடைத்தால் போதும். சுத்தம் செய்த ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் கிளினிக்கில் "எலிக் கூடு சுத்தம் செய்தேன்" என்று சொல்ல மறக்காதீர்கள். அந்த ஒரு வாக்கியத்தால் டாக்டர் சரியான பரிசோதனையை முதலிலேயே எழுதுவார்.

இரண்டாம் வேலை: தீனியை நிறுத்துதல்

இங்கேதான் நம் வீடுகளுக்கென்று தனியாகச் சில விஷயங்கள் இருக்கின்றன. இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும்.

காக்கைக்கு வைக்கும் சோறு. அமாவாசை விரதத்தை நானும் விடவில்லை. மதில்மேல் வைத்து, காக்கை வந்து எடுத்ததும் மிச்சத்தை அப்போதே எடுத்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுகிறேன். பொழுது சாய்ந்தும் மதிலில் இருக்கும் சோற்றைக் காக்கை தொடாது, எலிதான் தின்னும். வாசல் சாமிக்கு வைத்த வாழைப்பழமும் உடைத்த தேங்காய் மூடியும் அதே மாதிரி. பச்சரிசி மாக்கோலம் போடுவது எறும்புக்கும் உணவாகட்டும் என்றுதான், ஆனால் எலித் தொல்லை தீரும்வரை கோலப்பொடி போடலாம்.

அகல் விளக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். எண்ணெயில் ஊறிய திரி எலிக்குப் பிடித்த தீனி. எரிகிற திரியை வாயில் கவ்விக்கொண்டு ஓடினால் அது போகும் இடம் எது என்று நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் பெட்ரோல் வண்டி நிற்கிறது. போர்ச்சில் விளக்கு வைப்பவர்கள் கண்ணாடிக் கூண்டு உள்ளதாக வாங்குங்கள், படுக்கும் முன் அணைத்து எண்ணெயையும் உள்ளே எடுத்துவிடுங்கள். சோப்பும் மெழுகுவத்தியும்கூட எலி தின்னும். வாஷிங் மெஷின் போர்ச்சில் இருந்தால் சோப்பை டப்பாவில் மூடி வையுங்கள்.

பூனைச் சோறு, நாய்ச் சோறு: தட்டு வைத்து இருபது நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும். தெருப் பூனைகளுக்குச் சோறு வைத்தால் எலி போகும் என்று பலர் நம்புகிறார்கள். வயிறு நிறைந்த பூனை பெரிய சாக்கடை எலியோடு மல்லுக்கு நிற்காது. மிஞ்சிய சோற்றைத் தின்ன எலிதான் கூடுதலாக வரும்.

குப்பையைப் பிளாஸ்டிக் பையோடு கேட்டில் தொங்கவிடும் பழக்கம் தெருவுக்கே கெடுதல். மூடி இறுக்கமான தொட்டியில் போடுங்கள். மாம்பழம், சிக்கு, பெலிம்பிங் மரம் இருந்தால் விழுந்த பழத்தைச் சாயங்காலமே பொறுக்கிவிட வேண்டும்.

காருக்குள்ளும் பாருங்கள். பின் சீட்டுக்கு அடியில் முறுக்குத் துணுக்கு, பிள்ளைகளின் பிஸ்கட், பூட்டில் மறந்துபோன அரிசிப் பை. பாசார் மாலாமிலிருந்து வந்த அப்பளப் பொட்டலத்தை நான் பூட்டில் விட்டு மூன்று நாள் மறந்திருக்கிறேன்.

தீனியோடு ஒளிவிடமும் போக வேண்டும். அட்டைப் பெட்டி, பழைய செய்தித்தாள், கிழிந்த மெத்தை, நாலு வருடமாகத் தொடாத பூந்தொட்டி அடுக்கு. வைத்தே ஆக வேண்டிய சாமானைத் தரையிலிருந்து ஒரு முழம் உயர்ந்த இரும்பு ரேக்கில், சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

மூன்றாம் வேலை: வழியை அடைத்தல்

கணக்கு இதுதான்: உங்கள் சுண்டுவிரல் நுழையும் ஓட்டையில் குட்டி எலி நுழையும், பென்சில் நுழையும் ஓட்டையில் சுண்டெலி நுழையும். மில்லிமீட்டரில் 12, 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹார்ட்வேர் கடையில் கம்பி வலை கேட்கும்போது 6 மில்லிமீட்டர் கண் உள்ளதாகக் கேளுங்கள். கோழிக்கூண்டு வலை உதவாது. இரும்புக் கம்பித் துகளை இடுக்கில் திணிக்கச் சொல்வார்கள். நம் கடற்காற்றில் அது ஒரு மழைக்காலம் தாங்காது, துருவாகி உதிரும். எவர்சில்வர் துகளை வைத்து மேலே சிமெண்டு பூசினால் நிலைக்கும். நுரை ஃபோம் மட்டும் அடித்தால் ஒரே இரவில் குடைந்துவிடும்.

பார்க்க வேண்டிய இடங்கள்: போர்ச் தண்ணீர் லோங்காங்கில் இறங்கும் துளை, வாஷிங் மெஷின் பைப் வெளியே போகும் துளை, ஏர்கான் பைப் சுவரில் நுழையும் இடம், மீட்டர் பெட்டிக்குப் பின்னால், ஆட்டோகேட் மோட்டார் ஒயர் வரும் குழாய். தண்ணீர்த் துளைக்கு எவர்சில்வர் சல்லடை போட்டால் வாரம் ஒருமுறை குப்பை எடுக்க வேண்டும், இல்லையென்றால் மழையில் போர்ச் குளமாகிவிடும்.

ஷட்டர் போட்டு அடைத்த கராஜ் உள்ளவர்கள் பகலில் விளக்கை அணைத்து உள்ளே நின்று வெளி வெளிச்சம் எங்கே கசிகிறது என்று பாருங்கள். ஷட்டரின் இரண்டு கீழ் மூலைகள்தான் வழக்கமான வாசல். ரப்பர் பட்டையை எலி தின்றுவிடும், தகடு வைத்த பிரஷ் பட்டை நல்லது.

கூரை எலிக்கு மேலே வேலை. மரக்கிளை கூரைக்கும் போர்ச் ஷீட்டுக்கும் இரண்டு மீட்டராவது தள்ளி இருக்கும்படி வெட்டுங்கள். பழைய தெரஸ் வரிசைகள் சிலவற்றில் இரு வீட்டுக்கும் நடுவே உள்ள சுவர் கூரைவரை எழும்பியிருக்காது. சீலிங்கின் மேலே எலிக்குத் தெருக்கோடிவரை ஒரே சாலை. அப்படியென்றால் அண்டை வீட்டாரிடம் பேசித்தான் ஆக வேண்டும். நான் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் போய், "ஆன்ட்டி, எங்க வீட்ல எலி, உங்க சீலிங்லயும் சத்தம் கேக்குதா?" என்று கேட்டேன். உங்கள் வீட்டு எலி என்று தொடங்கியிருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும். மூன்று வீடு சேர்ந்து ஒரே வாரத்தில் அடைத்தோம்.

உள்ளே எலி இருக்கும்போது கடைசி வழியை அடைக்காதீர்கள். செத்து நாறும். பொறி வைத்து, மூன்று நாலு இரவு சத்தம் இல்லை என்று உறுதியான பிறகு மூடுங்கள்.

நான்காம் வேலை: பொறி

எலி புதிய பொருளைக் கண்டால் பல நாள் ஒதுங்கிப் போகும். ஸ்பிரே முதல் வாரம் வேலை செய்வதுபோல் தெரிவதற்கும், புது எலிப்பொறி சும்மாவே கிடப்பதற்கும் இதுதான் காரணம். ஆகவே பொறியை வையுங்கள், மூன்று நாள் இழுத்து மாட்டாதீர்கள். இரையை மட்டும் வைத்துத் தின்னவிடுங்கள். நாலாம் இரவு எல்லாப் பொறியையும் ஒரே நேரத்தில் மாட்டுங்கள். ஒன்றிரண்டு போதாது, குறைந்தது ஆறு வேண்டும். எலியின் கர்ப்பம் 21 முதல் 23 நாள்தான், ஒரு ஈற்றில் 6 முதல் 12 குட்டி. வாரம் ஒன்றாகப் பிடித்தால் பிறப்பது முந்திக்கொள்ளும்.

வில் பொறியைச் சுவருக்குச் செங்குத்தாக, இரை வைக்கும் முனை சுவரைத் தொடும்படி வைக்க வேண்டும். பிள்ளைகளும் பூனையும் இருந்தால் இரு பக்கமும் ஓட்டை போட்ட பெட்டிக்குள் வையுங்கள். இரைக்கு எங்கள் வீட்டில் சுட்ட கருவாட்டுத் துண்டைவிட வறுத்த கச்சாங்கை (நிலக்கடலையை) அரைத்த விழுது நன்றாக வேலை செய்தது. சுட்ட தேங்காய்க் கீற்று அதற்கு அடுத்தது. நூலால் கட்டுங்கள், எடுத்துக்கொண்டு ஓட விடாதீர்கள்.

பசைப் பலகையை நான் வாங்க மாட்டேன். மணிக்கணக்கில் துடித்துச் சாகும், பல்லியும் குருவியும் ஒட்டும். கூண்டில் பிடித்து அடுத்த தாமானில் (குடியிருப்பில்) விடுவதும் தீர்வல்ல, அங்கே இருப்பவர்களுக்கும் கார் இருக்கிறது. பிள்ளையாரின் வாகனம், கொல்ல மனம் வராது என்பவர்கள் எங்கள் உறவிலேயே உண்டு. அவர்கள் இரண்டாம், மூன்றாம் வேலைகளைக் கடுமையாகச் செய்யட்டும். தீனியும் வழியும் இல்லாத வீட்டில் எலி தங்காது.

விஷம் பற்றி

கடையில் விற்கும் பெரும்பாலான எலி விஷம் இரத்தம் உறையவிடாமல் செய்யும் வகை. புரோடிஃபாகும், புரோமாடியோலோன் என்ற பெயர்கள் பொட்டலத்தில் இருக்கும். தின்ற எலி உடனே சாகாது, மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் பிடிக்கும். அந்த நாள்களில் அது எங்கே போய் ஒதுங்கும்? சீலிங்கில், சில நேரம் உங்கள் காரின் ஏர்கான் பெட்டிக்குப் பின்னால். அதைத் தின்னும் பூனையும் கூகையும் சேர்ந்து சாகலாம். செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் கம்பத்தின் மேல் கூகைக்கு மரப்பெட்டி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எலியைப் பிடிக்கத்தான் தோட்ட நிர்வாகங்கள் அந்தப் பறவையைக் கூப்பிட்டு வைத்தன. அதையே விஷத்தால் கொல்வது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

விஷம்தான் வழி என்று ஆகிவிட்டால், பூட்டு உள்ள பெட்டியில் வைத்து, 1974ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் உரிமம் உள்ள ஆளைக்கொண்டு செய்யுங்கள். பிள்ளை வாயில் வைத்துவிட்டால் பொட்டலத்தோடு மருத்துவமனைக்கு ஓடுங்கள். இந்த வகைக்கு மாற்று மருந்து வைட்டமின் கே1. தேசிய நச்சு மையம் நம் பினாங்கிலேயே, அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில்தான் இருக்கிறது.

ஐந்தாம் வேலை: இப்போது பானெட்

வாரம் இருமுறையாவது வண்டியை ஓட்டுங்கள். நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிடுவதைவிடத் தெருவைச் சுற்றி வருவது மேல். நிறுத்தும்போது ஏர்கானை உள்காற்றுச் சுழற்சிக்கு மாற்றிவிட்டு அணையுங்கள். பெரும்பாலான வண்டிகளில் வெளிக்காற்று வரும் கதவு அப்படியே மூடி நிற்கும். முன்கண்ணாடியின் கீழே உள்ள காற்றுத் துளைக்கு உள்பக்கமாக எவர்சில்வர் வலை போடலாம். எஞ்சின் காற்று வடிகட்டியின் வாயில் மட்டும் நீங்களாக எதையும் கட்டாதீர்கள், பட்டறையில் செய்யுங்கள்.

டாஷ்போர்டில் உள்ள கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்ட்டரை மாதம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். கூடு கட்டினால் அங்கேதான் முதலில். பானெட்டின் அடியில் ஒட்டியிருக்கும் பஞ்சு மெத்தை கிழிந்திருந்தால் அதுவும் அறிகுறி.

ஹோண்டா நிறுவனம் மிளகாய்க் காரம் பூசிய ஒரு டேப் விற்கிறது, மற்ற வண்டிக்கும் சுற்றலாம். கடிபட்ட இடத்திலும் அதை ஒட்டிய ஒயரிலும் சுற்றினால் பயன் உண்டு. சுற்றிய பிறகு கையைக் கண்ணில் வைக்காதீர்கள். பிளவுள்ள வளைகுழாய் போட்டு ஒயரை மூடுவதும் நல்லது, ஆனால் எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் வேண்டாம், உருகும்.

காசை வீணாக்காதீர்கள் என்று நான் சொல்வது இவற்றுக்கு: அந்துருண்டை (நச்சு ஆவி ஏர்கான் வழியாகப் பிள்ளைகள் மூச்சில் ஏறும்), பாண்டான் இலை (வாசம்தான் மிச்சம்), புதினா எண்ணெய் (எஞ்சின் சூட்டில் ஒரே நாளில் ஆவியாகிவிடும்), காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் பெட்டி. அந்தப் பெட்டிகளை விற்றவர்களுக்கு, சொல்வதற்கு அறிவியல் ஆதாரம் வேண்டும் என்று 2001இலேயே அமெரிக்க வாணிப ஆணையம் 60க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

கடித்துவிட்டால்

பெட்ரோல் வாடை வந்தால் சாவியைத் திருப்பாதீர்கள். எரிபொருள் குழாயையும் எலி கடிக்கும். வண்டியைத் தள்ளி வெளியே நிறுத்திவிட்டு இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். மஞ்சள் உறை ஒயர்கள் பெரும்பாலும் ஏர்பேக்குக்குப் போகிறவை, ஆரஞ்சு உறை ஹைபிரிட், மின்சார வண்டிகளின் உயரழுத்தக் கேபிள். இரண்டையும் தொடவே கூடாது. மற்ற ஒயரைப் பட்டறையில் வெறும் கறுப்பு டேப்பால் சுற்றித் தந்தால் ஏற்காதீர்கள். சால்டர் வைத்தோ கிரிம்ப் போட்டோ இணைத்து, மேலே சூட்டில் சுருங்கும் உறை போடச் சொல்லுங்கள். நம் ஈரக்காற்றில் டேப் விட்டுப்போகும், செம்பு பச்சை பூக்கும்.

கூட்டையும் கடியையும் தொடுவதற்கு முன் படம் எடுங்கள். காப்புறுதி முகவரிடம், எலிக் கடி என் பாலிசியில் அடங்குமா என்று அடுத்த ரோட்டெக்ஸ் புதுப்பிக்கும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் தனியாக ஒன்றும் அடைக்க முடியாது. குப்பை அறைக்குப் பக்கத்துப் பார்க்கிங் கிடைத்திருந்தால் மாற்றிக் கேளுங்கள். பொது இடத்தைப் பராமரிப்பது 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டப்படி நிர்வாகக் குழுவின் பொறுப்பு. படத்தோடு, தேதியோடு எழுதிக் கொடுங்கள், வாய்ப்பேச்சு கோப்பில் ஏறாது. தெரு லோங்காங் உடைந்திருந்தால் மாநகர் மன்றத்துக்கு.

தீபாவளிக்கோ ஊருக்கோ ஒரு மாதம் போவதானால் வண்டியைக் கழுவி, உள்ளே பெருக்கி, சுவரை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் சாவியைக் கொடுத்து வாரம் ஒருமுறை ஓட்டச் சொல்லுங்கள். நான் பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் மகனிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். அவனிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்: "தம்பி, மொதல்ல பானெட்டத் தெறந்து பாரு, அப்பறம் சாவி."